பானையை உடைத்தவர் எழுதிய அறிக்கை

சிதம்பரத்திலிருந்து புவனகிரிக்குப் போகிற பேருந்து கீரப்பாளையத்தில் நின்றுதான் போகும். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் அது. வீராணத்துத் தண்ணீரை நம்பி நெல் விளையும் பூமி. இந்த வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் இறங்கி யாருடைய வீட்டுக்காவது வழி கேட்டால், பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: ஊரா, காலனியா? தாத்தா காலத்தில் அதே கேள்வியில் சேரி என்ற சொல் இருந்தது. 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டப்பேரவையில் அறிவித்தார். அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது 75 ஆண்டுகள் கடந்திருந்தன. ஒரு சொல்லை எடுக்கவே அவ்வளவு காலம் என்றால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் தூரத்தைக் குறைக்க எத்தனை பேர் எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும்!

அடிப்படை உரிமைகள் என்றால் டெல்லியில் எழுதி அஞ்சலில் நமக்கு அனுப்பியவை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. இந்த மண்ணிலிருந்து ஒரு மனிதர் டெல்லிக்குப் போனார். நாடு முழுக்கச் சுற்றினார். அவர் தலைமையில் எழுதப்பட்ட அறிக்கை சட்டமாக மாறி இங்கேயே திரும்பி வந்தது. அவர் பெயர் எல். இளையபெருமாள். இந்தப் பக்கத்தில் அவரைப் ‘பெரியவர்’ என்றுதான் சொல்வார்கள்.

1924-இல் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் பிறந்தவர் இளையபெருமாள். அவர் படித்த பள்ளியில் குடிதண்ணீருக்கு இரண்டு பானைகள் இருந்தன. ஒன்று எல்லாருக்கும், இன்னொன்று சாதிப் பெயர் எழுதிய தனிப்பானை. அந்தத் தனிப்பானையைச் சிறுவன் இளையபெருமாள் ஒருநாள் உடைத்தான். புதிதாக ஒன்று வைத்தார்கள், அதையும் உடைத்தான். உடைத்தது யார் என்று தெரிந்து விசாரித்தபோது, ஏன் உடைத்தேன் என்பதையும் சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் ஒரே பானைதான் இருந்தது என்று இப்பகுதியில் இன்றும் சொல்லிவருகிறார்கள். மேடையில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் இந்தக் கதையில்தான் தொடங்குவார்கள். தொடங்க வேண்டிய இடமும் அதுதான்; பானையைப் பற்றிய சட்டம் ஒன்று பின்னால் வருகிறது.

அதற்குமுன், இந்த மண்ணுக்கு அவர் காலத்துக்கு முன்பே இருந்த கணக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும்.

நந்தனார் பிறந்த ஊராகச் சொல்லப்படும் ஆதனூர் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில்தான் இருக்கிறது. தில்லைக்கு ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் திருநாளைப்போவார் ஆனவர் அவர். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நந்தனாரைத் தடுப்பது அவர் மனத்தில் இருந்த தயக்கம்தான். உத்தரவு கொடுக்க ஓர் எசமான் அங்கே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடியபோது, பண்ணைக்கார வேதியர் ஒருவர் கதைக்குள் வந்துவிட்டார். தில்லைக்குப் போக நந்தன் அவரிடம் கெஞ்சிக் கெஞ்சி விடுப்புக் கேட்கிறான். பாரதியார் கண்ணால் கண்ட தஞ்சை, தென்னார்க்காட்டுப் பண்ணை வாழ்க்கை அது. நூல் அச்சேறியது 1860-களின் தொடக்கத்தில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலில். பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று அறிவித்த 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. சட்டம் வந்த பிறகும் பண்ணையாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு நின்றான் என்பதற்கு அந்தக் கீர்த்தனையே சாட்சி.

ஐரோப்பியச் சட்டம் தமிழ்நாட்டில் முதலில் கால் ஊன்றிய இடங்களில் கடலூரும் ஒன்று. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை செஞ்சி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு என்பது பேரம். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் நின்றுவிட்டது. பிறப்பு, நிறம், மதம் காரணமாக யாருக்கும் உத்தியோகம் மறுக்கக் கூடாது என்று 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் எழுதியது. தாளில் எல்லாம் இருந்தன. கிணற்றடியில் எதுவும் மாறவில்லை.

கிணற்றடியை மாற்ற வேண்டும் என்று வந்தவர் ஒரு துறவி. ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் முனுசாமி என்ற பெயரில் பிறந்து, வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் பாடம் கேட்டு, சகஜானந்தர் ஆகி, சிதம்பரம் வந்து சேர்ந்தார். கோயில் வாசலில் போய் நிற்பதற்கு முன்னால் அவர் ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டினார். 1916-இல் நந்தனார் கல்விக் கழகம் பிறந்தது. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்க இடமும் சோறும் அங்கே கிடைத்தன. ‘நாளைப் போவேன்’ என்றவர் பெயரில் இன்றைக்கே எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த பள்ளி அது. சட்டமன்றத்திலும் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்த சகஜானந்தர் 1959 மே 1 அன்று காலமானார். அந்தப் பள்ளிகளில் படித்து அரசு வேலைக்குப் போன முதல் தலைமுறையினர் கீரப்பாளையம், குமராட்சி, புவனகிரி பக்கத்துக் கிராமங்களில் நிறையப் பேர். சட்டம் உரிமை கொடுத்தபோது மனு எழுத இங்கே ஆள் இருந்ததற்குக் காரணம் அவர்.

சென்னையில் சட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எல்லாருக்கும் பொது என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். 1938-இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் சமூக இழிவுகளை நீக்கும் சட்டம் வந்தது. 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தார்கள். அதைத் தொடர்ந்து ஒரு பாதுகாப்புச் சட்டமும், 1947-இல் முழுமையான ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தன. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவை தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை ஏற்றுக்கொண்டது. அதுதான் இப்போது நாம் சொல்லும் 17-ஆவது பிரிவு.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்ப்பது நல்லது. 1950 நவம்பர் 4 அன்று ரோம் நகரில் ஐரோப்பிய நாடுகள் மனித உரிமை உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தியாவின் அரசமைப்பு அதற்குச் சில மாதங்கள் மூத்தது. இரண்டாம் உலகப்போரில் அரசுகளே தங்கள் குடிமக்களைக் கொன்று குவித்ததைப் பார்த்து நடுங்கிப்போனவர்கள் எழுதியது ஐரோப்பிய உடன்படிக்கை. ஆகவே அதன் பார்வை முழுக்க அரசின் மேல்: அரசே, இதைச் செய்யாதே. நம் அரசமைப்பை எழுதியவர்களுக்குத் தெரிந்த கொடுமை வேறு. அது அரசாங்க அலுவலகத்திலிருந்து மட்டும் வரவில்லை. அடுத்த தெருவிலிருந்தும் வந்தது. அதனால்தான் 15-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கடை, உணவு விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்கிறது. கட்டாய வேலை வாங்குவதை 23-ஆவது பிரிவு தடுக்கிறது. அண்ணல் அம்பேத்கரின் தலைமையில் எழுதப்பட்ட இந்தியச் சட்டம் டீக்கடை பெஞ்சு வரைக்கும் போய் நின்றது. தனியார் கடையிலும் வேலையிடத்திலும் இனப் பாகுபாடு கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் பொது ஆணை பிறப்பித்தது 2000-ஆவது ஆண்டில். இந்த ஒரு விஷயத்தில் நாம் ஐம்பது ஆண்டு முந்தி என்று பெருமையாகவே சொல்லலாம்.

எழுதியதில் முந்தினோம். நடத்தியதில்?

1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் கடலூர் இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குப் போனார் இளையபெருமாள். வயது 27. 1957-இல் சிதம்பரம், 1962-இல் திருக்கோவிலூர். அவர் உறுப்பினராக இருந்தபோதுதான் 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் பல்லைப் பார்த்தால் அது ஏன் கடிக்கவில்லை என்பது விளங்கும். ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். அல்லது என்ற அந்தச் சொல் போதும். குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லை. சில ரூபாய் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இரு தரப்பும் சமரசம் செய்துகொள்ளவும் இடம் இருந்தது. பண்ணையாளும் பண்ணைக்காரரும் சமரசம் பேசினால் யார் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1965-இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. தீண்டாமை, பட்டியல் சாதி மக்களின் பொருளாதார, கல்வி முன்னேற்றம் ஆகியவற்றை ஆராய்வது அதன் வேலை. தலைவர், இளையபெருமாள். பள்ளியில் பானையை உடைத்த பையன், நாடு முழுக்க எத்தனை பானைகள் இருக்கின்றன என்று எண்ணப் போனான் என்றே சொல்லலாம். மாநிலம் மாநிலமாகப் போய்ச் சாட்சியம் கேட்டு, 1969-இல் குழு அறிக்கை தந்தது. வரலாற்று ஆய்வாளர்கள் ‘இளையபெருமாள் கமிட்டி’ என்று சுருக்கமாகக் குறிப்பிடுவது இதைத்தான். தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று அரசு அலுவலகங்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஒழியவில்லை என்பதை அரசின் முத்திரையோடு பதிவு செய்த ஆவணம் அது. தமிழ்நாட்டில் அரசியல் பேசும் வீடுகளில் மண்டல் குழுவின் பெயர் தெரியாதவர்கள் இல்லை. காட்டுமன்னார்கோயில்காரர் தலைமை தாங்கிய இந்தக் குழுவின் பெயர் நம் பாடநூல்களில் அந்த அளவுக்கு இடம்பெறாமல் போனது பெரிய குறை.

அறிக்கையின் விளைச்சல் இரண்டு திசையில் போனது.

ஒன்று, 1955 சட்டத்தின் திருத்தம். 1972-இல் மசோதாவாக வந்து, 1976-இல் நிறைவேறி, அந்த ஆண்டு நவம்பர் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயரே குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று மாறியது. நெருக்கடி நிலையில் நாடே வாய்மூடிக் கிடந்த ஆண்டு அது. காரணமின்றிச் சிறைப்பட்டவர் நீதிமன்றம் போகும் உரிமைகூட இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன ஆண்டு. அப்படிப்பட்ட ஆண்டில் குடிமை உரிமை என்ற பெயரோடு ஒரு சட்டம் வந்ததை வரலாற்று மாணவர்கள் மறக்கக் கூடாது. திருத்தத்துக்குப் பிறகு சிறையும் அபராதமும் சேர்ந்தே வந்தன. குறைந்தது ஒரு மாதம் சிறை என்று கீழ்வரம்பு வந்தது. சமரசம் என்ற வழி அடைபட்டது. வரலாற்றின் பேராலோ தத்துவத்தின் பேராலோ மதத்தின் பேராலோ தீண்டாமையை நியாயப்படுத்திப் பேசுவதும் குற்றமாயிற்று.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறொரு விதி. இந்தக் குற்றத்தை விசாரிக்க வேண்டிய அரசு ஊழியர் வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டால், அவரும் குற்றத்துக்கு உடந்தை. பானை வைத்தவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த சட்டம், பானையைப் பார்த்தும் பார்க்காமல் போன அதிகாரியையும் திரும்பிப் பார்த்தது. கூடவே மாநில அரசுகளுக்குக் கடமைகள் வந்தன: பாதிக்கப்பட்டவருக்குச் சட்ட உதவி, தனி நீதிமன்றம், தீண்டாமை இருக்கும் இடங்களை அடையாளம் காணுதல். ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் அறிக்கை வைக்க வேண்டும் என்ற கடமை மத்திய அரசுக்கு. உரிமையைக் கொடுத்தால் மட்டும் போதாது, அது நடக்கிறதா என்று பார்க்கிற வேலையையும் ஒருவர் தலையில் கட்ட வேண்டும் என்ற யோசனை இது. ஐரோப்பிய ஒன்றியம் அடிப்படை உரிமைகள் சாசனத்தை 2000 டிசம்பரில் நீஸ் நகரில் அறிவித்தது. அது கட்டுப்படுத்தும் சட்டமானது 2009 டிசம்பர் 1 அன்று. உரிமைகள் நடைமுறையில் எப்படி இருக்கின்றன என்று கணக்கெடுத்துச் சொல்ல 2007-இல் வியன்னாவில் தனி முகமை ஒன்றையும் திறந்தார்கள். ஐரோப்பியர்களும் கடைசியில் வந்து சேர்ந்தது இதே யோசனைக்குத்தான்.

இரண்டாவது விளைச்சல் தமிழ்நாட்டுக் கோயில் கருவறையை நோக்கிப் போனது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்து, சாதி பார்க்காமல் பயிற்சி பெற்ற எவரும் அர்ச்சகராகலாம் என்று ஆக்க வேண்டும் என இளையபெருமாள் குழு பரிந்துரைத்தது. கலைஞர் மு. கருணாநிதியின் அரசு 1970-இல் அறநிலையச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்த மசோதாவின் நோக்க விளக்கத்திலேயே இந்தப் பரிந்துரையைக் காரணமாகக் காட்டியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1972 மார்ச்சில் சேஷம்மாள் வழக்கில் தீர்ப்பு வந்தது: பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும்; ஆனால் நியமனம் ஆகமத்தை மீறக் கூடாது. கதவு பாதி திறந்தது. 2006-இல் மறுபடி அரசாணை, பயிற்சிப் பள்ளிகள், மறுபடி வழக்கு, 2015 டிசம்பரில் மறுபடி தீர்ப்பு. 2021 ஆகஸ்ட் 14 அன்று பல்வேறு சாதிகளைச் சேர்ந்த, பயிற்சி முடித்த 24 பேருக்கு அர்ச்சகர் நியமன ஆணை வழங்கப்பட்டது. அறிக்கைக்கும் ஆணைக்கும் நடுவே 52 ஆண்டுகள். இளையபெருமாள் அதைப் பார்க்கவில்லை. 2005-இல் அவர் காலமாகிவிட்டார்.

டெல்லியில் அறிக்கை கொடுத்ததோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சேரிகளைத் திரட்டினார். கூலி கொடுத்தாலும் அது விரும்பிச் செய்கிற வேலை இல்லை, மறுத்தால் அடி விழும் என்றால் அது கட்டாய வேலைதான் என்பது அவர் வாதம். அரசமைப்பின் 23-ஆவது பிரிவை வயல் வரப்பில் நின்று விளக்கியது போல இருந்தது அந்தப் போராட்டம். தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்தவர் பின்னாளில் தனிக்கட்சி கண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் இந்திய மனித உரிமைக் கட்சி. சாதிச் சங்கங்கள் பெருகிக்கொண்டிருந்த காலத்தில் சாதியின் பெயரை விட்டுவிட்டு மனித உரிமை என்று பெயர் வைத்ததில் அவருடைய மொத்தப் பார்வையும் இருக்கிறது.

அதிகாரியைப் பொறுப்பாக்கும் சட்டம் ஏன் தேவை என்பதற்கு இதே மாவட்டத்திலிருந்து ஓர் உதாரணம். 1993-இல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளியைத் திருட்டுச் சந்தேகத்தில் போலீஸ் கூட்டிப்போனது. அவர் திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்றது காவல்துறை. எழுதப் படிக்கத் தெரியாத அவருடைய மனைவி கம்யூனிஸ்ட் தோழர்களின் துணையோடு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். வழக்கை நடத்தியவர் பின்னாளில் நீதிபதியான வழக்கறிஞர் கே. சந்துரு. காவலில் நடந்த கொலை வெளிவந்தது. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2021-இல் ‘ஜெய் பீம்’ திரைப்படம் வந்தபோதுதான் நாட்டில் பலருக்கு அந்த வழக்கு தெரிந்தது. அரசமைப்பின் ஒரு பிரிவை உயிரோடு எழுப்ப அந்தப் பெண்மணிக்கு எத்தனை பேருந்துப் பயணம், எத்தனை நாள் கூலி இழப்பு ஆகியிருக்கும் என்று கடலூர் மாவட்டக்காரர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த மண்ணின் பிரச்சினை கடல் கடந்தும் பேசப்பட்டது. 2007 பிப்ரவரியிலும் 2013 அக்டோபரிலும் ஐரோப்பிய நாடாளுமன்றம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. பிரிட்டனில் சாதியைச் சமத்துவச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்ற வாதம் பல ஆண்டு நடந்து, தனிச் சட்டம் வேண்டாம் என்று அந்நாட்டு அரசு 2018-இல் முடிவு செய்தது. அந்த முடிவு தவறு. சாதி கப்பலேறிப் போயிருக்கும்போது அதைத் தடுக்கும் சட்டம் துறைமுகத்திலேயே நின்றுவிடக் கூடாது.

2025 ஜூலையில் சிதம்பரத்தில் இளையபெருமாள் நூற்றாண்டு நினைவு அரங்கம் திறக்கப்பட்டது. தில்லை நடராசரைப் பார்க்க வருகிறவர்கள் அதையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போகலாம். அரங்கம் நல்லது. ஆனால் அவருடைய அறிக்கை விதைத்த கடமை அரங்கத்துக்கு வெளியே, அரசு அலுவலகங்களில் இருக்கிறது. 1989-இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1995-இல் வந்த அதன் விதிகளும் அந்தக் கடமையை இன்னும் இறுக்கின. முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை கூட வேண்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். பதிவான வழக்கு எத்தனை, நிவாரணம் போய்ச் சேர்ந்ததா, விசாரணை எந்த நிலையில் நிற்கிறது என்று அங்கே கணக்குப் பார்க்க வேண்டும்.

கீரப்பாளையத்திலோ புவனகிரியிலோ காட்டுமன்னார்கோயிலிலோ இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடலூர் மாவட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது, அதில் எது நிறைவேறியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். மனுவுக்கு ஒரு வெள்ளைத் தாளும் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையும் போதும்.